கைக்குழந்தையோடு விற்கத் தொடங்கும் தாய்மாருக்கு முதல் நாளே சொல்ல வேண்டியவை: ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், மாவட்டத் தொழில் மையங்கள், உணவுப் பாதுகாப்புத் துறை ஆகியவற்றில் பயிற்சியையும் பதிவையும் கவனிக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

பிள்ளை பெற்ற முதல் வருடத்தில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் விற்கத் தொடங்கும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் விற்பது எது என்று பார்த்தால் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான்: முளைகட்டிய கேழ்வரகு மாவு, சத்துமாவு, குழந்தைக் குளியல் பொடி, கண் மை, குரோஷே பொம்மை, ஜப்லா. தன் பிள்ளைக்குச் செய்கிறார், அக்கா கேட்கிறார், அக்காவின் தோழி கேட்கிறார், அப்புறம் வாட்ஸ்அப் குழு, இன்ஸ்டாகிராம் பக்கம் என்று போகிறது. இந்தப் பட்டியலில் ஜப்லாவைத் தவிர மற்ற எல்லாமே சட்டம் மிக இறுக்கமாக இருக்கும் பொருள்கள். இது தெரியாமலேயே அவர்கள் லேபிளை ஆயிரக்கணக்கில் அச்சடித்துவிடுகிறார்கள். இந்த மடலில் நாங்கள் கேட்பது முதன்மையாக ஒன்றுதான். எந்தப் பொருளை எந்த அனுமதியோடு விற்கலாம் என்பதை, செய்முறை சொல்லித் தருவதற்கு முன்பே, பயிற்சியின் முதல் மணி நேரத்தில் சொல்லுங்கள். மற்றவை அதைத் தொடர்ந்து வருபவை.

குழந்தை உணவிலிருந்து தொடங்குவோம். குழந்தைப் பால் மாற்று, பால் புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றுக்கான ஒழுங்குமுறைச் சட்டம் 1992-இல் வந்தது, 2003-இல் திருத்தப்பட்டது. ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு கூடுதலாகக் கொடுப்பது என்று சொல்லி விற்கும் எந்த உணவும் அந்தச் சட்டத்தின்படி குழந்தை உணவு. அதற்கு விளம்பரமே கூடாது. இலவச சாம்பிள் கூடாது. வாங்க வைப்பதற்காகப் பரிசு தருவதும் கூடாது. பொட்டலத்தில் குழந்தை படமோ பெண் படமோ இருக்கக் கூடாது. ஆன்லைனில் வீட்டுச் சத்துமாவு விற்கும் பக்கங்களைத் திறந்தால் "6 மாதம் முதல்" என்ற வரி, சிரிக்கும் குழந்தை படம், முதல் ஆர்டருக்கு சாம்பிள் பாக்கெட் என மூன்றும் ஒன்றாகவே நிற்கின்றன. போதாக்குறைக்கு, குழந்தை ஊட்டச்சத்து உணவுக்கென்று மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2020-இல் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்து தர அளவுகளை வைத்திருக்கிறது. 100 ரூபாய் கட்டி அதனிடம் எடுக்கும் அடிப்படைப் பதிவு, குழந்தை உணவு விற்பதற்கான ஒப்புதல் ஆகாது. லேபிளில் அந்த 14 இலக்கப் பதிவு எண் இருந்துவிட்டால் எல்லாம் சரி என்றுதான் விற்பவரும் நினைக்கிறார், வாங்குபவரும் நினைக்கிறார்.

குளியல் பொடியும் கண் மையும் அழகுசாதனப் பொருள்கள். 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி அவற்றைத் தயாரித்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். அதற்கான இட வசதி நிபந்தனைகளை ஒரு வீட்டுச் சமையலறை நிறைவேற்ற முடியாது. ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. உரிமம் பெற்ற வேறொரு கூடத்தில் தன் பெயரில் தயாரித்துக்கொள்ள லோன் லைசென்ஸ் என்ற ஏற்பாடு அதே விதிகளில் இருக்கிறது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் இது கைக்கு எட்டும். கண் மையை மட்டும் வீட்டில் செய்து விற்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கண்ணில் படும் பொருளுக்குச் சோதனை இல்லாமல் யாரும் பொறுப்பேற்க முடியாது.

பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதினான்கு வயதுக்குட்பட்டவர் விளையாடும் எதுவும் இதில் அடங்கும், நூலில் பின்னிய யானைக்குட்டி உட்பட. மத்திய அரசின் கைவினை ஆணையர் அலுவலகத்தில் கைவினைஞராகப் பதிவு செய்தவர் செய்யும் பொம்மைக்கு விலக்கு உண்டு. ஆகவே குரோஷே தெரிந்த பெண்ணுக்கு நீங்கள் முதலில் கொடுக்க வேண்டியது நூல் வாங்கும் கடையின் முகவரி அல்ல, கைவினைஞர் அடையாள அட்டைக்கான விண்ணப்பம்.

அப்படியானால் உணவில் எதை விற்பது? குடும்பத்தில் பெரியவர்கள் குடிக்கும் கஞ்சி மாவு, இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ரசப்பொடி, சுக்குமல்லிக் காபித்தூள். இவற்றுக்கு அடிப்படைப் பதிவு போதும். லேபிளில் வயது போடக் கூடாது, குழந்தை படம் கூடாது, "குழந்தையின் எடை கூடும்" என்ற வாசகம் எங்கும் கூடாது. விண்ணப்பம் எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில், படிவம் ஏ. விண்ணப்பித்த ஏழு நாளுக்குள் பதிவு வர வேண்டும், அல்லது காரணத்தோடு மறுப்பு வர வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாக அறிவிப்பு வர வேண்டும். மூன்றும் வராவிட்டால் தொழிலைத் தொடங்கலாம் என்று ஒழுங்குமுறையே சொல்கிறது. இந்த ஒரு தகவல் தெரியாததால் இடைத்தரகரிடம் ஆயிரக்கணக்கில் பணம் போகிறது. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் அப்படித்தான். அது முழுக்க இலவசம், ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் போதும். கட்டணம் கேட்கும் தளங்கள் தனியார் தளங்கள். இதை உங்கள் அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்தாலே பலர் பணம் மிஞ்சும்.

இங்கே பிள்ளை பெற்றவளுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. உணவுப் பதிவு ஆளுக்கு அல்ல, சமையலறைக்கு. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவர் மூன்றாம் மாதத்தில் அங்கேயே பதிவு எடுத்துத் தொழில் தொடங்குகிறார். ஐந்தாம் மாதத்தில் புகுந்த வீட்டுக்குப் போகிறார். அது வேறு மாவட்டமாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரும் வேறு. பழைய எண் அந்தச் சமையலறைக்குச் செல்லாது, புதுப் பதிவு எடுக்க வேண்டும், அச்சடித்த லேபிளெல்லாம் வீண். ஆகவே இரண்டு செய்யுங்கள். எந்த வீட்டில் அடுத்த ஒரு வருடம் இருக்கப் போகிறீர்கள் என்று விண்ணப்பம் எழுதும்போதே கேளுங்கள், அந்த முகவரியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வீடு மாறுபவருக்குப் பழைய பதிவைக் கைவிட்டுப் புதியதை அதே வாரத்தில் எடுக்க மாவட்ட அளவில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். லேபிளில் பதிவு எண்ணையும் முகவரியையும் மட்டும் தனிச் சிறு ஸ்டிக்கராக அச்சடித்தால் வீடு மாறும்போது நட்டம் சில ரூபாயோடு முடியும்.

பெயரும் சிக்கல்தான். பானில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர் சேர்ந்த பெயர், வங்கிக் கணக்கில் இரண்டும் இல்லாத பெயர். உத்யம், ஜிஎஸ்டி, பணம் வாங்கும் செயலி எல்லாம் இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பவை. ஓர் எழுத்து பிசகினாலும் நின்றுவிடும். முதலில் ஆதாரையும் பானையும் ஒரே பெயராக்கிவிட்டு, அதன் பிறகே எதற்கும் விண்ணப்பிக்க வேண்டும். சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்கள் தம் நிறுவனத்தின் விதியைப் படிக்காமல் தொழில் தொடங்கக் கூடாது. அரசு ஊழியராக இருந்தால் நடத்தை விதிகள் வணிகத்தைத் தடுக்கின்றன. இதையும் யாராவது சொல்ல வேண்டும்.

லேபிளில் இருக்க வேண்டியவை பலருக்கும் ஓரளவு தெரியும்: பெயர், அளவில் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகச் சேர்மானங்கள், பச்சைப் புள்ளி, நிகர எடை, பேட்ச் எண், தயாரித்த நாள், பயன்படுத்தக் கெடு, பதிவு எண், வரி உட்பட்ட அதிகபட்ச விலை, ஒரு கிராமுக்கான விலை, தயாரிப்பாளர் முகவரி, புகார் தொலைபேசி. விடுபடுவது ஒவ்வாமை அறிவிப்பு. கஞ்சி மாவில் கோதுமை, நிலக்கடலை, பாதாம், முந்திரி எது இருந்தாலும் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அடுத்து, பொட்டலமிட்டு விற்பவர் எல்லாரும் தொடங்கிய 90 நாளுக்குள் எடையளவுத் துறையில் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. சமையலறைத் தராசில் எடை போட்டு விற்கக் கூடாது, முத்திரையிட்ட மின்னணுத் தராசு வேண்டும், வருடந்தோறும் மறு முத்திரை வேண்டும்.

அந்த லேபிளில் முகவரியும் கைபேசி எண்ணும் அச்சாகிறதே, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பகலில் கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டு முகவரி முன்பின் தெரியாத நூறு பேர் கைக்குப் போகிறது. இரவு பதினொரு மணிக்கு வரும் அழைப்புகளும், "நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாமா" என்ற கேள்விகளும் இதன் விளைவு. தயாரிப்பாளர் முகவரியை மறைக்க விதி இடம் தராது, தரவும் கூடாது. ஆனால் ஊராட்சி அளவிலான சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பு ஒன்று தன் கட்டடத்தில் அரைப்பதையும் பொட்டலமிடுவதையும் நடத்தி, தன் பெயரில் பதிவு எடுத்தால் லேபிளில் வருவது கூட்டமைப்பின் முகவரியாக இருக்கும். 'மதி' பெயரில் சுயஉதவிக் குழுப் பொருள்களை விற்கும் அமைப்பு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு இதை இணைக்க முடியும். அதுவரைக்கும், விற்பனைக்கென்று தனி சிம்மாவது எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிப் பொதுக் கூடம் கேட்பதற்கு இன்னொரு காரணம் மாவு. கஞ்சி மாவு கெடுவது எங்கே என்று வரிசையாகப் பார்த்தால் இது புரியும். கேழ்வரகை எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவைத்துத் துணியில் கட்டினால் ஒரு நாளில் வெள்ளை முளை தெரியும். அதை உலர்த்துவதுதான் கடினம். சித்திரையில் மொட்டை மாடியில் ஒரே நாளில் காயும் கேழ்வரகு, ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் மின்விசிறிக்கு அடியில் கிடந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். மேலே கை வைத்தால் காய்ந்ததுபோலத் தோன்றும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் முளை பொடிந்து உதிர வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, வறுப்பதற்கும் அரைப்பதற்கும் இன்னும் ஆகவில்லை. வறுத்ததைப் பாத்திரத்தில் குவித்து மூடி வைத்தால் ஆவி அடங்கி மறுபடி ஈரமாகும். துணியில் மெல்லப் பரப்பி முழுக்க ஆறவிட வேண்டும். மில்லிலிருந்து வரும் மாவும் சூடாகத்தான் வரும். அந்தச் சூட்டிலேயே பையில் போட்டுச் சீல் வைத்தால் பையின் உள்பக்கம் வியர்க்கும், ஒரு வாரத்தில் கட்டி பிடிக்கும், அப்புறம் பூசணம். மாவின் நடுவில் விரலை விட்டால் வெதுவெதுப்பே தெரியாத வரை, அகலமாகப் பரப்பி ஆறவிட்ட பிறகே பொட்டலமிட வேண்டும்.

நிலக்கடலையும் பாதாமும் சேர்த்த மாவு எண்ணெய் விட்டுக் காறல் வாடை அடிக்கும். தானிய மாவுக்குப் போடும் மூன்று மாதக் கெடுவை இதற்கும் போட்டால் இரண்டாம் மாதமே புகார் வரும். கடலைச் சேர்மானத்தை விட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் கெடுவைக் குறைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய நிலக்கடலையை வறுத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. அஃப்ளடாக்சின் என்ற நச்சு வறுக்கும் சூட்டில் முழுதாகப் போகாது. ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து முகர்ந்து பார்த்து எழுதி வைப்பவருக்குத்தான் கெடு நாளைத் துணிந்து அச்சடிக்க முடியும்.

மில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெரு மில்லில் உங்களுக்கு முன்னால் அரைத்தது மிளகாயாக இருக்கும், அல்லது கோதுமையாக இருக்கும். ஒரு கிலோ அரிசியை முதலில் ஓட்டிவிட்டு அரைத்தால் காரம் குறையும். கோதுமை ஒவ்வாதவருக்கு அந்தத் துப்புரவு போதாது. மில்லின் இடுக்கில் தங்கிய பழைய மாவிலிருந்து வண்டும் வருகிறது. கூட்டமைப்புக் கட்டடத்தில் தானியத்துக்கென்று ஒரு பல்வரைசர் (அரைவை இயந்திரம்), மிளகாய்க்கென்று இன்னொன்று, ஓர் உலர்த்தும் பெட்டி. இந்த மூன்றும் இருந்தால் ஓர் ஒன்றியத்தில் இருக்கும் வீட்டு விற்பனையாளர் எல்லாருடைய மழைக்காலப் பிரச்சினையும் தீரும்.

விலைக் கணக்கைப் பயிற்சியில் எப்படிச் சொல்லித் தர வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறோம். அரை கிலோப் பொட்டலம் போடுவது வழக்கம். அரை கிலோ மாவு, பை, அட்டைப்பெட்டி, டேப் எல்லாம் சேர்ந்தால் 600 கிராமைத் தொடும். கூரியர் கட்டணம் 500 கிராம் படியாக ஏறுவதால் அனுப்பும்போது ஒரு கிலோவுக்கான கட்டணம் விழும். பெட்டி பெரிதாக இருந்தாலும் இதே கதிதான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் கிலோ, உண்மை எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்குத்தான் கட்டணம். 20, 15, 10 அளவுள்ள பெட்டி 0.6 கிலோவாகிவிடும். நிகர எடையை 400 கிராமாக்கிச் சிறிய பெட்டியில் வைத்தால் எல்லாம் 500-க்குள் அடங்கும். 2022 முதல் இந்தப் பொருள்களை இத்தனை கிராமில்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது, ஆகவே 400 கிராம் செல்லும்.

அந்த 400 கிராமுக்குச் சரக்கு 70 ரூபாய், அரைவை 8, பை 9, லேபிள் 3, பெட்டியும் டேப்பும் 12, ஆக 102 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூரியர் 60. விலை, டெலிவரி உட்பட, 220. கையில் நிற்பது 58 ரூபாய். இப்போது கேஷ் ஆன் டெலிவரியில் பத்தில் ஒன்று வாங்காமல் திரும்பி வந்தால்? போக வரக் கட்டணம் 120. திரும்பிய உணவுப் பொட்டலத்தை மறுபடி விற்கக் கூடாது, ஆகவே அந்த 102-ம் போச்சு. ஒன்பது பொட்டலத்தில் வந்த 522 ரூபாயில் 222 கழிந்து 300 மிச்சம். அனுப்பிய பொட்டலம் ஒன்றுக்கு 30 ரூபாய், பெண்ணின் கூலியும் அதற்குள்ளேதான். இதனால்தான் உணவுக்குக் கேஷ் ஆன் டெலிவரி வேண்டவே வேண்டாம் என்கிறோம். சரக்குக் கணக்கிலும் ஒரு கவனம் தேவை. வறுப்பதிலும் மில்லில் ஒட்டுவதிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

ஜிஎஸ்டியில், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு வேண்டாம் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். அது தமிழ்நாட்டுக்குள் விற்கும் சரக்குக்கு. 2023 அக்டோபர் 1 முதல் பெரிய ஆன்லைன் தளங்கள் வழியாக விற்கும் சிறு விற்பனையாளரும் மாநிலத்துக்குள் மட்டும் விற்றால் ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் விற்கலாம். பான் எண்ணைக் கொண்டு ஜிஎஸ்டி தளத்தில் என்ரோல்மென்ட் எண் ஒன்று வாங்கினால் போதும். ஆனால் வரி விதிக்கப்படும் சரக்கில் ஒரே ஒரு பார்சல் மாநில எல்லை தாண்டினாலும் பதிவு கட்டாயம். குறிப்பிட்ட கைவினைப் பொருள்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. விழுப்புரத்திலும் கடலூரிலும் இருப்பவருக்குப் புதுச்சேரி பக்கத்து ஊர், ஓசூரில் இருப்பவருக்குப் பெங்களூரு பக்கத்து ஊர். அங்கே அனுப்புவது வெளிமாநில விற்பனை என்று யாரும் சொல்வதில்லை. பயந்துபோய் முன்கூட்டியே பதிவு எடுத்துவைப்பவர்களும் உண்டு. அவர்கள் விற்பனையே இல்லாத மாதத்துக்கும் கணக்கு தாக்கல் செய்யத் தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதத்தில் இதெல்லாம் நினைவில் நிற்காது. ஆகவே, தேவை வரும்வரை பதிவு வேண்டாம், எல்லை தாண்டி அனுப்பவும் வேண்டாம் என்பதே சரியான அறிவுரை.

பணம் வாங்குவதில் மூன்று விஷயங்களை எழுதிக் கொடுங்கள். பணம் வந்ததற்குச் சான்று வங்கிக் கணக்கில் தெரியும் தொகை, வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் அல்ல. பணம் பெறுவதற்கு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையே இல்லை. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி மொத்த ஆர்டர் தருபவர்கள் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள். விற்பனைக்குத் தனிக் கணக்கு வேண்டும், ஏனென்றால் மோசடிப் பணம் ஒரு சிறு தொகையாக வந்து சேர்ந்தாலும் சைபர் பிரிவு கணக்கை முடக்கலாம், அப்போது வீட்டுச் செலவுப் பணமும் சேர்ந்து முடங்கும். ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழைக்க வேண்டும்.

கடைசியாக, பயிற்சியின் நேரம். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மாவட்டத் தலைநகரில் மூன்று நாள் என்றால், பால் குடிக்கும் பிள்ளையோடு யாரும் வர முடியாது. அங்கன்வாடியும் இரண்டு வயதுக்குப் பிறகுதான் பிள்ளையைச் சேர்க்கும். ஒன்றிய அளவில், ஒரு நாளில் இரண்டு மணி நேரம் மட்டும், பிள்ளையைக் கூட்டி வரலாம் என்று அறிவித்து, ஆறு அமர்வுகளாக வையுங்கள். தொட்டில் கட்ட ஓர் அறை போதும். கணவர்களையும் ஓர் அமர்வுக்கு அழையுங்கள். வறுப்பது, சீல் வைப்பது போன்ற சூட்டு வேலைகள் நடக்கும் நேரத்தில் பிள்ளை வேறொருவர் கையில்தான் இருக்க வேண்டும். எட்டு மாதத்தில் தவழும் பிள்ளைக்குத் தராசின் பொத்தான் பேட்டரியும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் எட்டும் உயரத்தில் கிடக்கின்றன. பேட்டரியை விழுங்கினால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம் அது.

லேபிள் மாதிரி, விலைக் கணக்குத் தாள், பொருள்வாரி அனுமதிப் பட்டியல் ஆகிய மூன்றும் தமிழில் எங்களிடம் தயாராக இருக்கின்றன. உங்கள் அலுவலர்கள் சரிபார்த்து, திருத்தி, அரசின் பெயரிலேயே அச்சிட்டுக்கொள்ளலாம். எங்கள் பெயர் வேண்டாம். கிராம சுகாதார செவிலியர் பிரசவித்த வீட்டுக்குப் போகும்போதே அந்தத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தால், லேபிள் அச்சுக்குப் போவதற்கு முன்பே அது உரியவர் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
வீட்டு விற்பனையாளர்களுக்குப் பதிவு, லேபிள், பார்சல் வேலைகளில் துணை நிற்போர்